நேலி மூன்றாக இருந்த காலம்

எங்கள் நேலி மூன்றானது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், பால்காரர் மணி அடித்துவிட்டுப் போன பிறகு, குக்கர் மூன்றாவது விசில் கொடுப்பதற்கு முன்பு. தொட்டிலில் ஒன்று கிடந்தது, பாயில் ஒன்று கிடந்தது, மடித்த துணிகளைப் போட்டுவைக்கிற நீலப் பிளாஸ்டிக் கூடையில் ஒன்று கிடந்தது, மூன்றுக்கும் இடது காதுக்குப் பின்னால் அதே கடுகு மச்சம், மூன்றும் ஒரே நேரத்தில் கொட்டாவி விட்டன. பதினான்கு வருடம் கான்வென்டில் படித்தவள் என்பதால் நான் முதலில் சிலுவை போட்டுக்கொண்டேன், பிறகு அடுப்பை அணைத்தேன், பிறகு இன்னொரு தடவை எண்ணினேன், அதன் பிறகுதான் பால் போதுமா என்று பயம் வந்தது, அந்தப் பயம் வந்ததும் மற்ற பயங்களெல்லாம் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டன.

அவளுக்கு அப்போது நாலு மாதம். பெயர் கொர்னேலியா, அவள் அப்பாவைப் பெற்றவர்களின் பக்கத்துப் பெயர், அதை இழுத்துச் சொல்ல யாருக்கும் பொறுமை இல்லாததால் நேலி. அவள் அப்பா கஸ்பார் சரக்குக் கப்பலில் என்ஜின் அறையில் வேலை. அவரிடம் போனில் சொன்னபோது "மூணும் பால் குடிக்குதா, பிரிஸ்கா?" என்று கேட்டார்.

"குடிக்குது."

"அப்ப சரி. மூணையும் போட்டோ எடுத்து அனுப்பு. இங்க யாரும் நம்ப மாட்டான், ஆனா எனக்குப் பாக்கணும்."

தூத்துக்குடியில், ஊர் முடிந்து உப்பளம் தொடங்குகிற இடத்தில் இருக்கிற எங்கள் குடியிருப்பில் ஏ, பி, சி என்று மூன்று பிளாக்குகள். நாங்கள் ஏ. பக்கத்தில் ஒட்டினாற்போல் பி. நடுவில் பிள்ளைகள் விளையாடுகிற பொட்டல், பொட்டலைத் தாண்டி, தரை கொஞ்சம் மேடான பக்கத்தில், தனியாகக் கோபித்துக்கொண்டு நிற்பதுபோல் சி. முதல் பத்து நாள் மூன்று பிளாக்கிலிருந்தும் ஆட்கள் வந்து பார்த்தார்கள், ஆளுக்கு மூன்று வாழைப்பழம் கொண்டு வந்தார்கள், ஒரே ஒரு கிலுகிலுப்பை கொண்டுவந்தவர்கள் வெட்கப்பட்டுக்கொண்டு அதைக் கைக்குட்டையில் மறைத்தார்கள். பதினொன்றாவது நாள் யாரும் வரவில்லை. பன்னிரண்டாவது நாள் மாடிப்படியில் என்னைப் பார்த்தவர்கள், "துணி காயுதா இந்த ஈரக் காத்துல? மூணு பிள்ளைத் துணியாச்சே" என்று மட்டும் கேட்டார்கள்.

நேலி எப்படி மூன்றாக இருக்கிறாள் என்பதைக் குடியிருப்பு ஒரு மாதத்தில் படித்து முடித்தது. வயிறு மூன்று, மனசு ஒன்று. ஒன்றுக்குக் கிச்சுகிச்சு மூட்டினால் மூன்றும் சிரிக்கும், ஒன்றுக்குப் புட்டிப்பால் காட்டினால் மூன்றும் கையை நீட்டும், ஆனால் ஒன்று குடித்தால் மற்ற இரண்டின் பசி தீராது. இதைக் கேட்ட பங்குச்சாமியார், மனசு ஒன்றென்றால் பெயர் ஒன்று, பெயர் ஒன்றென்றால் ஞானஸ்நானமும் ஒன்றுதான் என்று ஒரு தலையில் தண்ணீர் ஊற்றிவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று கிண்ணத்தில் மிஞ்சியதை மற்ற இரண்டு தலையிலும் தெளித்தார். தடுப்பூசி போடுகிற நர்ஸம்மா அதே காரணத்தை மாற்றிப் பிடித்துக்கொண்டு, மனசுக்கு ஊசி போடுறதில்ல, தொடைக்குத்தான் போடுறேன் என்று மூன்று பேருக்கும் போட்டார். முதல் ஊசிக்கே மூன்றும் அழுதுவிட்டதால் மூன்றாவது ஊசி போடும்போது நேலிக்கு அழ ஒன்றும் மிச்சமிருக்கவில்லை, நர்ஸம்மாவை நிமிர்ந்து ஒரு பார்வை மட்டும் பார்த்தாள்.

நான் மூன்றையும் என் பக்கத்திலேயே வைத்துக்கொண்டேன். உத்தரத்துக் கொக்கியில் மூன்று சேலைத் தொட்டில், மூன்றின் கயிறும் என் ஒரு கையில். கொடு, ஒன்றையாவது நாங்கள் பகலில் பார்த்துக்கொள்கிறோம் என்று கேட்டவர்கள் இருந்தார்கள். மாட்டேன் என்றேன். பிள்ளை மூன்றானால் பயம் மூன்றில் ஒரு பங்காகும் என்று எல்லாரும் நினைத்தார்கள். எனக்கு அது மூன்று பங்காகியிருந்தது.

இனி என் வேலையைச் சொல்ல வேண்டும். துறைமுகச் சாலையில் ஜன்னலே இல்லாத ஒரு கட்டடம், உள்ளே மார்கழிக் குளிர். எட்டு இரும்பு அலமாரிகள், ரேக் என்போம், ஒவ்வொன்றிலும் பன்னிரண்டு கம்ப்யூட்டர்கள், தொண்ணூற்றாறும் சேர்ந்து ஒரே ஆள் மாதிரி வேலை பார்க்கும். தென்மாவட்டத்து ஆஸ்பத்திரிகளில் பிறக்கிற பிள்ளைகளின் எடை, ரத்த வகை, ஸ்கேன் படம், தாயின் மருந்துச்சீட்டு எல்லாம் அதில்தான் இருக்கும். அங்கே எந்தக் கோப்பும் ஒன்றாக இருப்பதில்லை, மூன்று நகலாகத்தான் இருக்கும், ஒரு கம்ப்யூட்டர் செத்துப்போனால் மிச்சமிருக்கிற இரண்டைப் பார்த்து மூன்றாவதை அதுவே எழுதிக்கொள்ளும். ஆனால் கம்ப்யூட்டர்கள் எப்போதும் ஒவ்வொன்றாகச் சாவதில்லை. ஒரு ரேக்குக்கு ஒரே மின்சார வயர், வெளியுலகத்தோடு பேச ஒரே ஸ்விட்ச், அது போனால் பன்னிரண்டும் ஒரே நிமிடத்தில் போகும்.

தொண்ணூற்றாறையும் மேய்க்கிற தலைமைக் கம்ப்யூட்டருக்குக் கண் கிடையாது. எது எந்த ரேக்கில் நிற்கிறது என்று நாம்தான் எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதிக் கொடுத்தால், ஒரு நகலை ஒரு ரேக்கில் வைக்கும், மற்ற இரண்டையும் வேறொரு ரேக்குக்கு அனுப்பி, அங்கேயும் வெவ்வேறு கம்ப்யூட்டரில் வைக்கும். எழுதிக் கொடுக்காவிட்டால், பாவம், எல்லாரும் ஒரே ரேக்கில்தான் குடியிருக்கிறோம் என்று நம்பிக்கொண்டு மூன்றையும் பக்கத்துப் பக்கத்திலேயே வைத்தாலும் வைத்துவிடும்.

பிரசவ லீவு முடிந்து நான் போனதும் எனக்குக் கொடுத்த வேலை அந்தப் பட்டியலை எழுதுவது. ரேக் கதவுகளில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் பார்த்துப் பார்த்து, ஒன்று முதல் எட்டு வரை, ஒரே நாளில் எழுதி முடித்தேன். கரண்ட் வேலை பார்க்கிற இசக்கிராஜ் டீயோடு வந்து எட்டிப் பார்த்தான்.

"எக்கா, வீட்ல மூணையும் எங்க போட்டிருக்கிய?"

"எங்க போடுவாங்க? என் ரூம்லதான்."

"அப்ப ஒரே ரேக்கு" என்று சொல்லிச் சிரித்தான். அவன் டீயைக் குடித்துவிட்டு அதை மறந்துபோனான். நான் மறக்கவில்லை. என் அறைக்கு ஒரே கதவு, ஒரே ஃபேன், ஒரே கொக்கி. அந்தக் கொக்கியைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்த ஏழாவது நாள், மூன்றில் இரண்டை வேறு பிளாக்குக்கு அனுப்புவது என்று முடிவு செய்தேன்.

பி பிளாக்கைத் தேர்ந்தெடுத்தேன். அங்கே கீழ்வீட்டில் மூன்றாம் வகுப்பு எடுக்கிற குளோரி டீச்சர், மேல்வீட்டில் அவர் தங்கை, இரண்டு பேரும் குழந்தையிடம்கூட, "எழுந்துவிட்டீர்களா?" என்று மரியாதையாகப் பேசுகிறவர்கள், இரண்டு வீட்டுத் தரையும் கண்ணாடி. சி பிளாக்கை நான் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. சி பிளாக்கில் செங்கமலம் இருந்தார். கீழ்வீட்டின் முன்னறையில் மாவு மில் வைத்திருந்தார், மல்லியும் வத்தலும் திரித்துத் திரித்துப் புருவம் வரை செம்மண் நிறம், மில் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி அவருக்குக் குரலைத் தணிக்கத் தெரியாது, அந்தக் குரலில் வருகிற வார்த்தைகளைக் கான்வென்டில் ஸிஸ்டர் கேட்டிருந்தால் எங்கள் எல்லாரையும் வாய் கொப்பளிக்க அனுப்பியிருப்பார். மனசு ஒன்று என்கிறேனே, ஒரு வீட்டில் கேட்டதை நேலி மூன்று வீட்டிலும் கேட்பாள் அல்லவா. அதனால் பி பிளாக், அக்கா வீட்டில் ஒன்றையும் தங்கை வீட்டில் ஒன்றையும் கொண்டுபோய் விட்டேன். பட்டியல் எழுதி முடித்த நிம்மதி எனக்கு.

அந்த நிம்மதி சாம்பார்ப் பொடி திரிக்கப் போன நாள் வரை இருந்தது. செங்கமலம் மில்லை நிறுத்தினார். அவர் மில்லை நிறுத்துவதே அபூர்வம், வரிசையில் நின்ற எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஏட்டி கம்ப்யூட்டரு. பிள்ளையப் பிரிச்சு வச்சிருக்கியாமே."

"ஆமாக்கா. ஒரு பாதுகாப்புக்கு."

"என்ன பாதுகாப்பு? ஏ-க்கும் பி-க்கும் ஒரே தண்ணிலா!"

எனக்குப் புரியவில்லை. அவர் மாவுக் கையோடு என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு பொட்டலைத் தாண்டி வந்தார், சாம்பார்ப் பொடிக்காரர்கள் நாலு பேர் பின்னாலேயே வந்தார்கள். ஏ பிளாக்குக்கும் பி பிளாக்குக்கும் நடுவில், செடி மறைத்த ஒரு இரும்பு மூடியைத் தூக்கிக் காட்டினார். கீழே இருட்டில் தண்ணீர் பளபளத்தது, அதிலிருந்து ஒரு குழாய் எங்கள் பக்கமும் ஒரு குழாய் பி பக்கமும் போயின.

"எங்க வீட்டுக்காரரு இருந்தப்ப அவருதான் பைப்பு போட்டாரு. ரெண்டு பிளாக்குக்கும் தனித்தனித் தொட்டின்னு பிளான்ல இருந்துச்சு. ரெண்டாவது தொட்டிக்குக் குழி தோண்டுனா பாறை. தோண்டுனவன் போயிட்டான். சுவத்துல பெயிண்ட்ல ஏ-ன்னு போட்டான், பி-ன்னு போட்டான், வேற வேறயாயிருமா? நாளைக்கு இந்தத் தொட்டியில ஒரு எலி செத்துக் கிடந்தா உன் மூணு பிள்ளைக்கும் ஒரே நேரம் வயித்தால போவும். படிச்சிருக்கியே, மூதி!"

அவர் திட்டத் திட்ட எனக்கு வேறொன்று நினைவு வந்தது. ஸ்டிக்கர். நானும் ஸ்டிக்கரைப் பார்த்துத்தானே எழுதினேன். மறுநாள் வேலைக்குப் போனதும் இசக்கிராஜிடம் தரைப் பலகைகளைக் கழற்றச் சொன்னேன். அவன் முனகிக்கொண்டே ஒவ்வொன்றாகக் கழற்றினான். ரேக் மூன்றின் வயரும் ரேக் நான்கின் வயரும் பலகைக்குக் கீழே இரண்டு அடி தனித்தனியாகப் போய், பிறகு ஒரே பெட்டிக்குள் நுழைந்தன.

"யாரு பாத்த வேலை இது?" என்றான் இசக்கிராஜ். "கதவுல ரெண்டு, காலுக்குக் கீழ ஒண்ணு. எக்கா, இது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"மாவு மில்லுல சொன்னாங்க" என்றேன்.

பட்டியலைத் திருத்தி எழுதினேன். மூன்றையும் நான்கையும் ஒரே ரேக் என்று எழுதினேன், கதவு என்ன சொன்னாலும் சரி. திருத்தியது போதாது, ஏற்கெனவே தப்பாக உட்கார்ந்திருந்த நகல்கள் இடம் மாற வேண்டும், பழைய கோப்புகளை ஒவ்வொன்றாக எழுப்பி வேறு ரேக்குக்கு அனுப்ப இரண்டு நாள் பிடித்தது. அதைவிட நேலியை எழுப்பி அனுப்பத்தான் அதிக நாள் பிடித்தது. சி பிளாக்குக்கு மட்டும் தனி போர்வெல், தனித் தொட்டி. செங்கமலம் வீடு, அதற்கு நேர்மேலே தையல் மிஷின் வைத்திருக்கிற ரஸியா வீடு. ஒன்று எனக்கு, இரண்டு அந்தப் பக்கத்துக்கு. குளோரி டீச்சர் நேலியின் துணிகளை இஸ்திரி போட்டுக் கொடுத்தனுப்பினார், "தண்ணீருக்கு நாங்கள் என்ன செய்ய முடியும்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

எது என்னுடையது என்று தெரிய வேண்டும் என்பதற்காக, வீட்டில் இருக்கப்போகிறவளின் வலது பாதத்தில் மையால் ஒரு பொட்டு வைத்திருந்தேன். வாங்கிக்கொள்ள வந்த செங்கமலம் அதைப் பார்த்துவிட்டார்.

"இது என்னட்டி?"

நான் சொன்னேன்.

அவர் முந்தானையைத் தண்ணீரில் நனைத்து, மெதுவாக, அவருக்கு அவ்வளவு மெதுவாகக்கூட வரும் என்று அன்றுதான் தெரிந்தது, அந்தப் பொட்டைத் துடைத்தார். "ஒண்ணு ஒன்னோடதாம், மத்ததெல்லாம் மிச்சமாம். கோட்டிக்காரி. மூணும் அவதான்." ரஸியா மூன்று பேருக்கும் ஒரே துணியில் ஒரே மாதிரி தொப்பி தைத்துக் கொண்டுவந்திருந்தாள், மூன்று தலையிலும் போட்டுவிட்டாள். அதன் பிறகு எனக்கே அடையாளம் தெரியவில்லை.

அப்படிப் பிரிந்த பிறகும் நேலி என்னவோ என்னோடுதான் முழுசாக இருந்தாள். எட்டாம் மாதம் சி பிளாக்கில் தவழ்ந்தாள், அதே நேரம் என் வீட்டில் தவழ்ந்தாள். மில் ஓடுகிற நேரம் பார்த்து என் மடியில் தூங்கினாள். வத்தல் திரிக்கிற வெள்ளிக்கிழமைகளில் எங்கள் வீட்டுச் சுத்தக் காற்றில் உட்கார்ந்துகொண்டு தும்மினாள். ரஸியா வீட்டில் ஊசி நூல் கோர்ப்பதைப் பார்த்துவிட்டு, இங்கே என் செபமாலையின் மணிகளை ஒரு கண்ணை மூடிக்கொண்டு உற்றுப் பார்த்தாள்.

கார்த்திகையில் மழை வந்தது. நாலு நாள் விடாமல் பெய்தது, உப்பளமெல்லாம் கடலோடு சேர்ந்துகொண்டது, சாக்கடை நிரம்பிப் பள்ளத்தைத் தேடிக்கொண்டு வந்து, செடி மறைத்த அந்த இரும்பு மூடியின் விளிம்பு வழியாக உள்ளே இறங்கியது. யாரும் பார்க்கவில்லை. கொதிக்கவைத்த தண்ணீர்தான் கொடுத்தேன், ஆனால் அதே தண்ணீரில் கிண்ணத்தைக் கழுவினேன், அதே தண்ணீரில் அவள் முகத்தைத் துடைத்தேன். ஐந்தாம் நாள் ஏ பிளாக்கிலும் பி பிளாக்கிலும் சேர்த்து ஒன்பது பேருக்கு வயிற்றுப்போக்கு, அதில் நாலு பேர் குழந்தைகள், அதில் ஒன்று நேலி.

ஆஸ்பத்திரியில் கையில் ஊசி குத்தி டிரிப்ஸ் ஏற்றினார்கள். பக்கத்துக் கட்டில்களில் எங்கள் பிளாக் பிள்ளைகள், என்னைப் போலவே தூங்காத தாய்கள். இரண்டாம் நாள் அவர்களுடைய பிள்ளைகள் கண்ணைத் திறந்தன. நேலி திறக்கவில்லை. அவளைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தபோது அவள் வயிற்றின் வழியாக என் சேலையின் பூக்கள் தெரிந்தன. டாக்டர் குழாயைத் தொட்டுப் பார்த்தார், அவளைத் தொட்டுப் பார்த்தார், "மத்த ரெண்டும் எங்கம்மா இருக்கு?" என்று கேட்டார்.

"சி பிளாக்ல, டாக்டர்."

"நல்லாயிருக்கா?"

"இருக்குதாம்."

நான் செபித்தேன். மற்ற இரண்டும் பத்திரமாக இருக்கிறதே என்று என்னால் செபிக்க முடியவில்லை, என் மடியில் கிடந்தவளைத்தான் கேட்டேன், இவளை, இவளை, இவளை என்று கேட்டேன். வியாழக்கிழமை காலை, காப்பி வாங்கிக் கொண்டுவந்த பக்கத்துக் கட்டில்காரி என் தோளைத் தொட்டபோது, டிரிப்ஸ் ஊசி ஒட்டிய பிளாஸ்திரியோடு விரிப்பில் கிடந்தது, சொட்டுச் சொட்டாக விரிப்பை நனைத்துக்கொண்டிருந்தது, என் மடியில் ரஸியா தைத்த தொப்பி மட்டும் இருந்தது.

நர்ஸம்மா வந்து குழாயை மூடினார், அதே தடுப்பூசி நர்ஸம்மா.

"சி பிளாக்குக்குத் தனித் தண்ணியா?"

"தனித் தண்ணி."

"அப்ப ஏன் இங்க உக்காந்திருக்க? போ. போனதும் கையைக் கழுவிட்டுப் பிள்ளையத் தொடு."

மழையில் ஓடினேன். பொட்டலில் முழங்கால் தண்ணீர். மில் வாசலில் செங்கமலம் கையில் துடைப்பத்தோடு நின்றார், நான் படியில் கால் வைத்ததும் துடைப்பத்தைக் குறுக்கே நீட்டினார்.

"உள்ள வராத."

"அக்கா, நான் பாக்கணும்."

"பாரு. ஜன்னல் வழியாப் பாரு. ஆஸ்பத்திரித் துணியோட, அந்தத் தண்ணியில நடந்து வந்திருக்க. உள்ள வந்தா என் காலை ஒடிச்சுட்டுத்தான் வரணும்."

நான் அவரை வெறுத்தேன். அதை எழுதாமல் இந்தக் கதையை எழுத முடியாது. கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்தேன். மல்லி மூட்டைக்குப் பக்கத்தில் பாயில் ஒரு நேலி, இரண்டையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ள வசதியாக மாடியிலிருந்து ரஸியா தூக்கிக்கொண்டு வந்திருந்த இன்னொரு நேலி, இரண்டு பேரும் படுத்தபடி ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அழவில்லை.

"காலையில ஒரு நேரம் ரெண்டும் ஒண்ணா முழிச்சுது" என்றார் செங்கமலம். முதல் தடவையாக அவர் குரல் மில் சத்தம் இல்லாத வீட்டுக்குரிய அளவில் இருந்தது. "முழிச்சு, வாசலைப் பாத்துட்டே கிடந்துச்சு. நீ வருவேன்னு அதுக்குத் தெரியும். உன் மடியில கிடந்தது வரைக்கும் எல்லாம் தெரியும் பாத்துக்கோ. ஒண்ணும் போவல. நீ அழுததும் அதுக்குள்ள இருக்கு."

ஆறு நாள் அந்த ஜன்னலுக்கு வெளியே இருந்தேன். என் துணியை ரஸியா வாளியில் வாங்கி வெந்நீரில் போட்டாள், படிக்கட்டுக்குக் கீழே பாய் விரித்துக் கொடுத்தாள், தட்டை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டுத் தள்ளி நின்று, "சாப்பிடு பிரிஸ்கா, இல்லைன்னா செங்கமலக்கா என்னையத் திட்டும்" என்று கெஞ்சினாள். இசக்கிராஜ் போன் பண்ணினான். மழையில் தரைப் பலகைக்குக் கீழே இருந்த அந்த மின்பெட்டி எரிந்துவிட்டதாம், ரேக் மூன்றும் ரேக் நான்கும் ஒரே நேரத்தில் செத்தனவாம். "ஒரு பிள்ளையோட பேப்பர்கூடப் போவலக்கா. எல்லாம் வேற ரேக்ல ஜம்முனு உக்காந்திருக்கு. இப்ப மத்ததெல்லாம் சேந்து புதுசா எழுதிக்கிட்டு இருக்குது, சத்தம் கேக்கணுமே, மழைச் சத்தம் தோத்துரும்." நான் ஜன்னலைப் பார்த்தேன். உள்ளே இரண்டு நேலிகளும் கேழ்வரகுக் கூழை மூன்று ஆளுக்குரிய அளவு குடித்துக்கொண்டிருந்தார்கள். செங்கமலம் ஊட்டிக்கொண்டே, "குடி, சவமே, குடி, வராதவளுக்கும் சேத்துக் குடி" என்று கத்திக்கொண்டிருந்தார். கான்வென்டில் சொல்லிக்கொடுத்த எந்தச் செபமும் என் காதில் அவ்வளவு இனிமையாக விழுந்ததில்லை.

ஏழாம் நாள் டாக்டர் சீட்டு கொடுத்த பிறகு உள்ளே விட்டார்கள். பதினொன்றாம் நாள் தொட்டியைக் கழுவி, மருந்து போட்டு, புதுத் தண்ணீர் விட்ட பிறகு, என் வீட்டைத் துடைக்கப் போனேன். நீலப் பிளாஸ்டிக் கூடையில், மடித்த துணிகளின் மேல், நேலி உட்கார்ந்திருந்தாள். காதுக்குப் பின்னால் கடுகு மச்சம். மச்சத்தின் மேல் வறுத்த மல்லி வாசம். அதுவரை ஒரு வார்த்தையும் பேசியிராதவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள், கையை நீட்டினாள், அதட்டினாள்:

"ஏட்டி!"

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். பொட்டலுக்கு அந்தப் பக்கமிருந்து மில் நிற்கிற சத்தம் கேட்டது, பிறகு செங்கமலத்தின் குரல், மூன்று பிளாக்குக்கும் கேட்கிற மாதிரி: "பேசிட்டாடீ!"

அந்த மழைக்குப் பிறகு குடியிருப்பில் ஒரு வழக்கம் வந்தது. பிள்ளை மூன்றாகாத வீட்டுக்காரர்களும், அதாவது எல்லாரும், பொட்டலுக்கு அந்தப் பக்கம் தங்களுக்கு ஒரு வீடு வைத்துக்கொண்டார்கள். பிள்ளை பிறந்தால் பெயர் வைப்பதற்கு முன் அந்த வீட்டைக் கேட்டு வைக்க வேண்டும். வாசல் சுவரில் எழுதியிருப்பதை நம்பக் கூடாது, முதலில் மூடியைத் தூக்கி, குழாய் எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும், அதைச் செங்கமலம் வந்து பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும். மழைக்காலத்தில் சி பிளாக் பாயெல்லாம் ஏ பிளாக் பிள்ளைகள். கோடையில் சி பிளாக் போர் வற்றும்போது அங்கேயிருந்து குடங்களும் பிள்ளைகளும் இந்தப் பக்கம் வரும். குளோரி டீச்சர் செங்கமலத்தின் மருமகள் பிள்ளைக்கு, "எழுந்துவிட்டீர்களா?" என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார், அந்தக் குழந்தை மில் வாடிக்கைக்காரர்களை அப்படித்தான் விசாரிக்கிறது.

நேலி நடக்கத் தொடங்கிய அன்று அவள் மறுபடியும் ஒன்றானாள். மூன்று வீட்டு வாசலிலிருந்தும் ஒரே நேரத்தில் முதல் அடி எடுத்து வைத்து, விழுந்து, எழுந்து, பொட்டலின் நடுவே வந்து சேர்ந்தபோது ஒருத்தியாக நின்றாள், ரஸியாவின் தொப்பி ஒன்றே ஒன்று, அது கொஞ்சம் சிறிதாகிவிட்டிருந்தது. கஸ்பாரிடம் சொன்னேன். "அந்த ஒண்ணும் பால் குடிக்குதா?" என்று கேட்டார்.

இப்போது எல்லாத் தாய்க்கும் இருப்பதுபோல் எனக்கும் ஒன்றுதான். அவள் தூங்கிய பிறகு, மூக்குக்கு நேரே விரல் வைத்து மூச்சைப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்கிறேன். பயம் போய்விட்டது என்று எழுதினால் அது பொய். ஆனால் பயம் வரும்போது இப்போது ஒரு ஜன்னலைப் பார்க்கிறேன், பொட்டலுக்கு அப்பால், கொஞ்சம் மேட்டில், தனித் தண்ணீர் உள்ள ஜன்னல்.

அன்று பொட்டலின் நடுவே அவள் நின்றபோது, இந்தப் பக்கம் நான் மண்டியிட்டு இரண்டு கையையும் நீட்டினேன், அந்தப் பக்கம் செங்கமலம் கையிலிருந்த மாவைத் தட்டிவிட்டுக்கொண்டு சும்மா நின்றார், என் முன்னால் கை நீட்டக் கூடாது என்று முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். நேலி என்னைப் பார்த்தாள். பிறகு திரும்பி மில்லைப் பார்த்து நடந்தாள். நாலு அடி போனதும் நின்று, தலையைத் திருப்பி, நான் இன்னும் அங்கேயே மண்டியிட்டிருப்பதைப் பார்த்துப் பொறுமை இழந்தாள்.

"ஏட்டி" என்றாள், "வா."

போனேன்.